நின்றுகொண்டே படித்த சிவில் நடைமுறை

மலேசியாவில் வக்கீலாவதற்கான சி.எல்.பி. பரீட்சைக்குப் படிப்பவர்களும் பயிற்சி வழக்கறிஞர்களுமாக நீங்கள் ஏழு பேர் சேர்ந்து, "ஆண்ட்டி, எப்படிப் பாஸ் பண்ணுனீங்கன்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். ஆள் தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். எப்படித் தோற்பது என்று கேட்டிருந்தால் நூல் அளவுக்கு எழுதித் தந்திருப்பேன். அந்தப் பாடத்தில் எனக்கு மூன்று முறை நேரடி அனுபவம் உண்டு.

உங்கள் மேசைகளைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று கோடு போடாத வரியே உங்கள் குறிப்புகளில் இல்லை. எல்லா வரியும் முக்கியம் என்றால் எதற்குக் கோடு என்று கேட்க நினைத்து, பாவம் என்று விட்டுவிட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். கோடு போடவில்லை, அவ்வளவுதான். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்ததால் கோடு தேவைப்படவில்லை.

பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். பத்தொன்பது வருடம். நீதிமன்றக் கவுண்டரில் எந்த அலுவலர் எத்தனை மணிக்குத் தேநீர் குடிக்கப் போவார் என்பது வரை தெரியும். புதிதாக வரும் வக்கீல்கள் என்னிடம்தான் வந்து, "பிலோ அக்கா, இதுக்கு எந்த ஃபாரம்?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் வக்கீல், சொல்கிற நான் மட்டும் குமாஸ்தாவா என்ற ரோஷத்தில்தான், வேலை பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து சட்டப் பட்டம் படித்து முடித்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. இனி சி.எல்.பி. ஒன்றுதான் பாக்கி. நான்கு முறை எழுத விடுவார்கள் என்றார்கள். எனக்கு எதற்கு நான்கு என்று சிரித்தேன்.

முதல் முறை, வேறு எந்தத் தாளிலும் இல்லை, சிவில் நடைமுறைத் தாளில் தோற்றேன். அத்தனை வருடமாக நான் சோறு சாப்பிட்டது அந்தத் தாளில்தான்.

எப்படித் தோற்றேன் என்று சொல்கிறேன், கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள். எங்கள் ஜோகூர் மாநிலத்தில் அப்போது வார விடுமுறையை வெள்ளிக்கும் சனிக்கும் மாற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், நீதிமன்றமும் திறந்திருக்கும். அந்த மாற்றம் வந்த புதிதில் நான் ஒரு ஞாயிறு காலை சர்ச் பூசைக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் நிம்மதியாகக் கோழிக்கறி சமைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கோப்பு அலுவலகத்தில் என் மேசையில் கிடந்தது. என் பாஸ், அந்த அலுவலகத்தின் வக்கீல், போனில் போட்ட சத்தத்தில் அடுப்பை அணைக்காமலே ஓடினேன். அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைப் பூசைக்கு மாறினேன். ஞாயிறு வேலை நாள், ஞாயிறு வேலை நாள் என்று மந்திரம் மாதிரி மனத்தில் ஏற்றிக்கொண்டேன்.

பரீட்சைக் கேள்வியில் வந்த கட்சிக்காரர் கோலாலம்பூர்க்காரர். கெடு ஞாயிற்றுக்கிழமை முடிகிறது, என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் பேனாவை அழுத்தி எழுதினேன்: ஞாயிறு காலையே போய்த் தாக்கல் செய்துவிட வேண்டும், தாமதம் கூடாது. கோலாலம்பூரில் அன்றைக்கு நீதிமன்ற வாசலில் பூட்டுத்தான் தொங்கும்.

அடுத்த கேள்வியில் பிரதிவாதி சம்மனை வாங்காமல் ஒளிந்து திரிகிறார். வேறு வழியில் சேர்ப்பிக்க, அதாவது கதவில் ஒட்டவோ பத்திரிகையில் போடவோ, நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும் என்பதுதான் பதில். நான் எழுதியதன் சாரம், அவர் வீட்டுக்குப் பக்கத்து ரொட்டி சானாய் கடையில் காலை ஏழு மணிக்குப் போய்க் காத்திருந்தால் பிடித்துவிடலாம் என்பது. ஆங்கிலத்தில் கொஞ்சம் கௌரவமாக எழுதியிருந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், நடைமுறையில் அதுதான் வேலைக்காகும்.

முடிவு வந்த அன்று பாஸ் என்னைக் கூப்பிட்டு என்ன எழுதினேன் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, நீ எழுதுனது பரீட்சைக்குப் பதில் இல்ல. சம்மன் குடுக்கப் போற ஆளுக்கு அனுப்புற வாட்சாப்."

இரண்டாவது முறை இதே தப்பை இன்னும் தன்னம்பிக்கையோடு செய்தேன். மூன்றாவது முறைக்கு முன்புதான் தர்ஷினியைச் சந்தித்தேன். ஜோகூர் பாருவில் நடந்த வார இறுதி வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பெண். என்னை விட இருபத்திரண்டு வயது இளையவள். நீதிமன்றத்துக்குள் ஒரு முறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் விதி எண் சொன்னால் உள்ளே இருக்கும் வாசகத்தை அப்படியே ஒப்பிப்பாள். எனக்கு நீதிமன்றம் தெரியும், அவளுக்குச் சட்டம் தெரியும். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு வக்கீல் தேறுவார் என்று முடிவு செய்து, சனிக்கிழமைதோறும் தெப்ராவில் அவள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தோம்.

உட்கார்ந்து என்று சொன்னது தப்பு. முதல் சனிக்கிழமையே அவள் என் நோயைக் கண்டுபிடித்துவிட்டாள். எந்தக் கேள்வி கேட்டாலும் நான், "எங்க ஆபீஸ்ல என்ன செய்வோம்னா..." என்றுதான் ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒரு ரூல் வச்சிக்கலாம். 'எங்க ஆபீஸ்ல'ன்னு சொன்னா எந்திரிச்சி நிக்கணும். சரியான விதியச் சொல்ற வரைக்கும் உக்காரக் கூடாது."

"என் வயசுக்கு இதெல்லாம் தேவையா லா?" என்று எங்கள் ஊர் 'லா' போட்டு இழுத்தேன்.

"நாலு சான்ஸ்ல ரெண்டு போச்சி. தேவைதான் லா."

அதிலிருந்து சனிக்கிழமை முழுக்க நான் நின்றேன். சோபா பக்கத்தில், ஜன்னல் பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே என்று இடம் மாற்றி மாற்றி நின்றேன். சரியாகச் சொன்னதும் அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "சரி, இப்ப உக்காரலாம்" என்பாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி வாய் தவறும். அவள் அம்மா சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு, எனக்கு இடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஒரு நாள் கிளம்பும்போது தைலப் புட்டியைக் கையில் திணித்தார். மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டேன். உண்மையில் அது கால் வலிக்கு உதவியது.

தர்ஷினி முதல் முறையிலேயே தேறினாள். அதே பரீட்சையில் நான் மூன்றாவது முறையாகத் தோற்றேன். அவளிடம் சந்தோஷமாகப் பேசிவிட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். அவள் ஜோகூர் பாருவிலேயே பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள், இனி என்னை எதற்குப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காலை போன் வந்தது. "என்னாக்கா, இன்னும் கிளம்பலியா? அம்மா உங்களுக்குச் சேத்து தோசை சுடுறாங்க." இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் கடைசி வரை குமாஸ்தாதான்.

இனி சொல்லப்போவது அந்தக் கடைசிப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சிரிக்கிறவர்கள் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

லெட்சுமி என்று ஒரு கட்சிக்காரர். கணவர் இறந்த பிறகு, கணவரின் அண்ணன் வந்து, இது என் நிலம், வீட்டைக் காலி செய் என்று வழக்குப் போட்டிருந்தார். இரண்டு பிள்ளைகளோடு அந்த அம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதற்கு மறுப்பாக லெட்சுமியின் அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம், அன்று மாலைக்குள் தாக்கல் ஆக வேண்டும். தவறினால் அண்ணன் சொன்னது மட்டும்தான் நீதிபதி முன் இருக்கும்.

சட்டப்படி அந்த வாக்குமூலத்தில், சத்தியப் பிரமாண ஆணையர் கண் முன்னால் ஆள் நின்று கையெழுத்துப் போட வேண்டும். லெட்சுமி முந்தின வாரமே அலுவலகத்துக்கு வந்து, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, செடெனாக்கில் இருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். தேதியும் முத்திரையும்தான் பாக்கி. நான் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு கடை தள்ளி மாடியில் இருக்கும் ஆணையரிடம் போனேன். பெரியவர், பழக்கமானவர். முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"ஆள் வந்தாச்சாம்மா?"

இதற்கு நான் எப்போதும் சொல்லும் பதில், "வந்துட்டுப் போயிட்டாங்க சார்." பத்தொன்பது வருடத்தில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெரிய பொய் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கையெழுத்து உண்மை, ஆள் உண்மை, அவசரம் உண்மை. எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான்.

எங்கள் அலுவலகத்தில் என்ற அந்தச் சொல் மனத்தில் வந்ததுமே அந்தப் பதிலைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். முந்தின நாள்தான் தர்ஷினி இதே கேள்வியைக் கேட்டு, என்னை அரை மணி நேரம் நிற்க வைத்திருந்தாள்.

"வரல சார்," என்றேன்.

முத்திரை பாதி வழியில் நின்றது. "என்னம்மா இன்னிக்குப் புதுசா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முத்திரையை மெதுவாக மூடி வைத்தார். தெரிந்த பிறகு அவரும் போட முடியாது அல்லவா? மாடிப்படி இறங்கும்போது எனக்குப் பெருமை எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. ஒரு விதவையின் வீட்டை, என் பரீட்சைப் பைத்தியத்துக்காகப் பணயம் வைத்துவிட்டேனோ?

பாஸ் காலையில் மூவார் நீதிமன்றத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார். போனில் சொன்னேன்.

"அலாமாக்! பாஸ் பண்றதுக்கு முன்னாலயே வக்கீலாயிட்டியா நீ?" என்று கத்தினார். "லெட்சுமி வீடு போச்சின்னா யார் பதில் சொல்றது?"

"நான் செடெனாக் போறேன் பாஸ்."

"மணி என்னான்னு தெரியுமா?"

மணி ஒன்றரை. செடெனாக் ஒரு மணி நேரத்துக்கு மேல். அச்சடித்த புதுப் பிரதி ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தொழிற்சாலையில் வேலையாட்களின் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கிருந்த அலுவலகத் தொலைபேசியில் மேலாளரைப் பிடித்து, நீதிமன்ற விஷயம், அரை நாள் அனுப்புங்கள் என்று மலாயில் கெஞ்சினேன். வாசலில் லெட்சுமி முகம் வெளுத்து நின்றிருந்தார். "என்னாச்சிக்கா? கேஸ் தோத்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு பத்து பாகாட்டுக்குத் திரும்பாமல், பக்கத்தில் இருந்த கூலாய்க்கு விரட்டினேன். அங்கே ஓர் ஆணையர் அலுவலகம் திறந்திருந்தது.

அவர் சீனர், கறாரான ஆள். வாக்குமூலம் மலாயில் இருந்தது. இந்த அம்மாவுக்கு இது முழுக்கப் புரிந்ததா, நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கடிகாரம் கண்ணைக் குத்தியது. ஆனாலும் அவர் முன்னால் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னேன். லெட்சுமி தலையாட்டிக்கொண்டே வந்தார். ஆறாவது பத்தியில் தலையாட்டல் நின்றது.

"இது நான் சொல்லலியே அக்கா."

"எது?"

"அண்ணன் அனுமதி குடுத்து நாங்க குடி வந்தோம்னு போட்டிருக்கு. யாரு அனுமதி? அந்த வீட்ட நானும் அவரும் கட்டுனோம். மண்ணு சுமந்தது இந்தக் கை."

அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்தது நான்தான். தட்டச்சுகூட இல்லை. பழைய வீட்டு வழக்கு ஒன்றின் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிப் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். அவசரத்தில் அந்த வரி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாஸும் ஓட்டமாகப் படித்து விட்டுவிட்டார். அண்ணன் அனுமதியில் குடி வந்தோம் என்று லெட்சுமியே சத்தியம் செய்து கொடுத்தால், அனுமதியை அந்த அண்ணன் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், வீடு போயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதையும் வாதாட வேண்டியதே இல்லை.

லெட்சுமி ஏற்கனவே கையெழுத்திட்டு, நான் முத்திரை வாங்கப் போன பிரதியிலும் அந்த வரி இருந்தது.

உடனே பாஸுக்குப் போன் செய்து வரியைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அடிச்சிட்டு, என்ன மாத்தணும்னு நான் சொல்றேன், எழுதிக்க" என்றார். பேனாவால் வரியை அடித்து, அவர் சொன்னதைப் பக்கத்தில் எழுதி, லெட்சுமிக்குத் தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். அவரும் ஆணையரும் அந்த இடத்தில் சிறு கையொப்பம் போட்டார்கள். கீழே நகல் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அலுவலகத்தில் பாஸே கணினி முன் உட்கார்ந்து தாக்கல் செய்தார். பத்தொன்பது வருடமாக அந்தக் கணினியைத் தொடாதவர், கடவுச்சொல் கேட்டு எனக்கு மூன்று முறை போன் செய்தார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "போயிடுச்சிம்மா" என்றார். நான் நகல் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். லெட்சுமி ஓடிப் போய் எனக்கு ஒரு தே ஓ ஐஸ், பால் இல்லாத ஐஸ் தேநீர், வாங்கி வந்தார்.

நான் அன்று யோக்கியமாக நடந்துகொண்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். சட்டத்தில் இருக்கும் அந்தச் சலிப்பூட்டும் வரி, ஆள் முன்னால் வர வேண்டும், புரிந்து கையெழுத்திட வேண்டும் என்பது, என்னைப் போல வெட்டி ஒட்டுகிறவர்களிடமிருந்து லெட்சுமி போன்றவர்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்தொன்பது வருடமும் ஒரு கூலாய்ப் பயணமும் வேண்டியிருந்தது. உங்களுக்கு இந்தப் பக்கங்கள் போதும், லாபம்தான். லெட்சுமி இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து, கோலாலம்பூரில் பரீட்சைக் கூடம். சிவில் நடைமுறைத் தாள். இரண்டாவது கேள்வியைப் படித்தேன். கட்சிக்காரர் கோலாலம்பூர், கெடு ஞாயிற்றுக்கிழமை. என் பழைய சிநேகிதன் மறுபடி வந்திருந்தான். எங்க ஆபீஸ்ல என்று மனம் ஆரம்பித்ததும் ஒரு காரியம் நடந்தது. என்னைக் கேட்காமலே கால்கள் எழுந்து நின்றுவிட்டன.

கூடம் முழுக்கத் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறது, நடுவில் நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறேன். கண்காணிப்பாளர் வேகமாக வந்து, கழிவறைக்குப் போக வேண்டுமா என்று மலாயில் காதோரம் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உடம்பு சரியில்லையா என்றார். அதற்கும் இல்லை. அப்புறம் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டவரிடம் என்ன சொல்வது? விதியை மனத்துக்குள் ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். சரியாக வந்தது. உட்கார்ந்தேன்.

கோலாலம்பூரில் ஞாயிறு விடுமுறை, அடுத்த வேலை நாளில் தாக்கல் செய்யலாம் என்று எழுதினேன். மனசு கேட்காமல், ஜோகூராக இருந்தால் ஞாயிறே செய்தாக வேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். அதற்கு மதிப்பெண் கொடுத்தார்களா என்று தெரியாது. தேறிவிட்டேன்.

அதே பாஸிடம் ஒன்பது மாதம் பயிற்சி. அவருக்கு அப்போதும் நான்தான் கடவுச்சொல். வழக்கறிஞராகச் சேர்த்துக்கொள்ளும்படி மனுப் போடும்போது என்னுடைய அஃபிடவிட்டும் வேண்டும். அதே மாடிப்படி ஏறி, அதே பெரியவர் முன்னால் தாளை வைத்தேன். முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே பழக்கத்தில் கேட்டார்.

"ஆள் வந்தாச்சாம்மா?"

"வந்திருக்கேன் சார்," என்றேன். நிமிர்ந்து பார்த்தவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஜோகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் என்னைச் சேர்த்துக்கொண்ட நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கோலாலம்பூரிலிருந்து வர வேண்டிய என் தம்பிக்கு, ஞாயிற்றுக்கிழமை கோர்ட் உண்டு என்று நம்ப வைக்க இரண்டு நாள் ஆயிற்று. புது வக்கீலுக்காக நீதிபதி முன் ஒருவர் மனுவை எடுத்துப் பேச வேண்டும். பாஸ்தான் பேசுவார் என்று நினைத்திருந்தேன். "நான் பேசுனா அழுதுருவேன், அசிங்கம். அந்தப் பொண்ணையே கேளு" என்று சொல்லிவிட்டார். அதனால் தர்ஷினி பேசினாள். எனக்கு எட்டு மாதம் முன்பே அவள் வழக்கறிஞர் ஆகியிருந்தாள்.

கறுப்பு அங்கியில் அவள் எனக்கு முன்னால் நின்று என் பெயரை, என் பெற்றோர் பெயரை, பத்தொன்பது வருடக் குமாஸ்தா வேலையைச் சொன்னாள். எத்தனை முறை தோற்றேன் என்பதைச் சொல்லவில்லை. நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீதிபதி மனுவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார், வாழ்த்தினார். பின் வரிசையில் பாஸ் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அன்று என்னோடு வக்கீலாகச் சேர்ந்த மற்றவர்கள் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியாமல், எங்கே என்ன தப்பாகச் சொன்னேன் என்று தேடுகிறவள் போல நின்றுகொண்டே இருந்தேன்.

தர்ஷினி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் அடிக்குரலில், "இப்ப உக்காரலாம்."